அக்காவின் அளவுக்கு ஒரு சைக்கிள்

அக்காவைச் சுவரோடு நிறுத்தி, தையல் நாடாவால் அவளை நான் அளந்த காலைநேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சமாதான காலம். சண்டை ஓய்ந்து, மூடியிருந்த பாதை திறந்து, கிளிநொச்சிக் கடைகளில் பெயர் தெரியாத பிஸ்கற்றுகள் எல்லாம் வந்திருந்தன. வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அக்கா வெறுங்காலுடன் நின்றாள். நான் நாடாவைத் தூக்கும்போதெல்லாம் அவளுடைய தோள்கள் தாமாகவே முன்னுக்கு மடிந்தன.

"நேரா நில்லக்கா. கூனினா அளவு பிழைக்கும்."

"நேராத்தானே நிக்கிறன்" என்றாள். நிற்கவில்லை. பல வருடப் பழக்கம் அது.

அக்கா நல்ல உயரம். எங்கள் பக்கத்தில் அவளை அண்ணாந்து பார்க்காத ஆண்கள் குறைவு. பெண் பார்க்க வந்த ஒரு தாய், "இருக்கேக்க வடிவாத்தான் இருக்கிறா. எழும்பினாத்தான் பயமாக் கிடக்கு" என்று வெளிவாசல் படலையடியில் சொன்னது குசினி அடுப்படிவரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அக்கா யாருக்காகவும் தேநீர்த் தட்டைத் தூக்கவில்லை. பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாகப் படித்து, உருத்திரபுரம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் 'மிஸ்ஸி' ஆனாள். ஆனால் கூனல் மட்டும் போகவில்லை. வாசல்களுக்கும், கட்டில்களுக்கும், மனிதர்களுக்கும் குனிந்துகொண்டே இருந்தாள்.

அவள் ஓடியது அப்பா விட்டுப்போன பழைய இங்கிலாந்துச் சைக்கிள். அப்பா சராசரி உயரம். அக்கா அதில் ஏறினால் முழங்கால்கள் ஹாண்டிலில் இடிக்கும். வெள்ளைச் சேலை குறுக்குப் பாரில் சிக்கும். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, சுடுதண்ணீர் ஒத்தடம்தான். பாதை திறந்து லண்டனிலிருந்து அண்ணா முதற்தடவை வந்தபோது, வாய்க்கால் கட்டின் மேல் அவள் வருவதைத் தூரத்திலேயே கண்டார்.

"அக்கா சைக்கிள் ஓடிற மாதிரி இல்லையே. சைக்கிளுக்குள்ள ஆரோ மடிச்சு வைச்ச மாதிரியெல்லோ கிடக்கு."

நாங்கள் சிரித்தோம். அண்ணா சிரிக்கவில்லை. திரும்பிப் போய்ச் சில மாதங்களில் அவரிடமிருந்து செய்தி வந்தது. அப்பாவின் சைக்கிளைச் செய்த கம்பனி எப்போதோ மூடப்பட்டுப் போயிருந்ததாம். இப்போது நாலைந்து பேர் சேர்ந்து அதே பெயரில் ஒரு சிறிய பட்டறையைத் திறந்து, பிரேம்களைக் கையாலேயே செய்கிறார்களாம். உருக்குக் குழாய்களை வெட்டி, ஓடுபவரின் உடம்பு அளவுக்குப் பொருத்திக் கொடுப்பார்களாம். அக்காவுக்கு ஒன்று செய்யச் சொல்லியாயிற்று. உடனே அளவு வேண்டும் என்றார்.

கால், கை, தோள், முதுகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, சொன்ன நாளில் கிளிநொச்சித் தொலைபேசி நிலையத்தில் போய்க் காத்திருந்தோம். அளவுகளோடு கதை முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். ஆனால் பிரேம் செய்கிறவர் அண்ணாவுக்குப் பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எப்படியான றோட்டு? மழைக்குச் சேறாகுமா? எந்த உடுப்போடு ஏறுவா? அங்கே என்ன அளவுச் சில்லுகள் வாங்கலாம்? பின்னால் என்ன பாரம் ஏற்றுவா?

"என்ர பெட்டிதான்" என்ற அக்கா, கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவசரத்துக்குப் பிள்ளைத்தாச்சியளையும் ஏத்த வேண்டி வரும் எண்டு சொல்லு" என்றாள். மறுமுனையில் அண்ணா அதை இங்கிலிசில் சொல்வது கேட்டது. அப்புறம் கடைசிக் கேள்வி வந்தது: என்ன நிறம் பிடிக்கும்?

அதற்குத்தான் அக்கா அதிக நேரம் எடுத்து ஒரு நிறம் சொன்னாள். வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்று, "என்ர முழங்கால் நோவைப் பற்றி அங்க ஒரு மனுசன் இருந்து யோசிக்கிறானோடி?" என்று கேட்டாள். சந்தோசமா, பயமா என்று பிரிக்க முடியாத குரல் அது.

அடுத்த முறை வந்தபோது அண்ணாவே அதைக் கொண்டுவந்தார். சில்லுகள் இல்லை, ஹாண்டில் இல்லை. படுக்கை விரிப்பில் சுற்றிய வெறும் பிரேம். சோதனைச் சாவடியில் அதை அவிழ்த்த சிப்பாய் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, கொச்சைத் தமிழில் "இதில ஆள் ஏற ஏலுமா?" என்று கேட்டானாம். பிறகு மற்றவனைக் கூப்பிட, இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கிச் சிரித்தார்களாம்.

விறாந்தையில் விரிப்பை விலக்கினோம். நாற்றுப் பச்சை. அக்கா கேட்ட நிறம். குழாய்கள் சந்திக்கும் இடங்களில் ஒட்டுப்போட்ட கட்டியோ தழும்போ இல்லை. மெல்லிய உருக்குக் கவசங்கள், ஓரம் வெற்றிலை நுனிபோல அராவி வழவழப்பாக்கப்பட்டிருந்தன. சேலையோடு ஏறுவதற்காகக் குறுக்குப் பார் நன்றாகத் தாழ்ந்திருந்தது. கரியர் பொருத்தும் இடத்தில், வேறெந்தச் சைக்கிளிலும் நான் காணாத இரண்டு மெல்லிய தாங்கு கம்பிகள். பிள்ளைத்தாச்சிக்காக. யாரென்றே தெரியாத எங்கள் ஊர்ப் பெண்களின் பாரத்தைக் கடலுக்கு அப்பால் ஒருவர் மனதில் எடுத்து வைத்திருந்தார். அம்மா உள்ளே போய்ச் சந்தனம் கொண்டுவந்து அதற்குப் பொட்டு வைத்தார்.

கிளிநொச்சிச் சைக்கிள் கடையில் உள்ளூர்ச் சில்லுகளும் செயினும் தடையில்லாமல் பொருந்தின. அக்கா கடை வாசலிலேயே ஏறினாள். பெடலின் அடிவரைக்கும் அவளுடைய கால் நீண்டது. முதுகு தானாக நிமிர்ந்தது. சந்தி வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்த்து நான் அதிசயித்து நின்றுவிட்டேன். அப்படியொரு நீளமான கழுத்து அவளுக்கு இருந்ததே எனக்கு அன்றுவரை தெரியாது.

பிறகு சண்டை மறுபடி தொடங்கிப் பாதை மூடியது. அம்மாவும் காலமாகிவிட்டார். பெற்றோல் கிடைக்காமல் வாகனங்கள் முற்றங்களில் உறங்கின. ஒரு மாரியில், சுனாமியில் கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியிருந்த ஒரு மீனவர் மழைக்குள் ஓடிவந்தார். மனைவிக்கு வலி கண்டுவிட்டது. வெள்ளத்தில் உழவுமெசினும் போகாது. அக்கா அந்தப் பெண்ணைக் கரியரில் இருத்தினாள். புருசன் பின்னால் பிடித்துக்கொள்ள, வாய்க்கால் கட்டின் மேல் சேற்றுக்குள் தள்ளியும் ஓடியும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தாள். அந்தத் தாங்கு கம்பிகள் அசையவேயில்லை. பெண் பிள்ளை பிறந்தது. "மாதா உங்களைக் காப்பா, மிஸ்ஸி" என்று அந்த மனுசன் சொன்னபடியே நின்றார்.

இடம்பெயர்வில் எல்லோரையும் போல நாங்களும் அரிசியையும் கூடாரம் போடும் தறப்பாளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டே இருந்தோம். போரின் கடைசி நாட்களில், நீரேரியைக் கடந்து இராணுவப் பக்கம் போகும் சனத்துக்குள் அந்த மீனவரைக் கண்டோம். மனைவிக்குக் காலில் பெரிய காயம். அவளைத் தூக்குவாரா, பிள்ளையைத் தூக்குவாரா என்று தெரியாமல் வழியில் நின்றார். அக்கா சைக்கிளிலிருந்த சாமான்களை அவிழ்த்து நிலத்தில் போட்டாள்.

"அவாவை இதில ஏத்துங்கோ. பிள்ளையை என்னட்டத் தாங்கோ."

கொஞ்ச நேரத்தில் சனநெரிசல் அவர்களை எங்களிடமிருந்து பிரித்துவிட்டது. சைக்கிளின் பச்சை நிறத்தை நான் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

தண்ணீருக்குள் இறங்கினோம். ஆழம் ஒருவருக்கும் தெரியாது. தலைக்கு மேலே வெடிச்சத்தம். எல்லோரும் குனிந்து நடந்தார்கள். அக்கா குனியவில்லை. பிள்ளையைத் தோளில் இருத்தி, நேராக நடந்தாள். எனக்கு நெஞ்சளவு வந்த தண்ணீர் அவளுக்கு இடுப்பளவு. பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "அந்த உயரமான அக்காவைப் பாத்து வாங்கோ! அவா போற பக்கம் வாங்கோ!" திரும்பிப் பார்த்தேன். முன்பின் தெரியாத சனங்கள் ஒரு நீண்ட வரிசையாக அவளுடைய தலையைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது அக்கா ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறாள். அண்ணா தொலைபேசியில் அடிக்கடி கேட்பார், அந்தப் பட்டறை இன்னும் இருக்கிறது, இன்னொன்று சொல்லட்டுமா என்று. "முதல்ல நீ வந்து என்னைப் பார்" என்பாள் அவள்.

நீரேரியைக் கடந்த பிறகு, வவுனியாவுக்கு அப்பால் முகாமில் எங்களுக்குக் கிடைத்த கூடாரம் மிகவும் பதிந்து தாழ்ந்திருந்தது. அக்கா அதற்குள் தவழ்ந்துதான் போகவேண்டும். பிள்ளை அவளிடமே இருந்தது. ஒரு பின்னேரம் அந்த மீனவர் கூடாரம் கூடாரமாகக் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். "உயரமான மிஸ்ஸி எங்க எண்டு கேட்டன். எல்லாரும் கையைக் காட்டிச்சினம்" என்றார். பிள்ளையை வாங்கி, அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு தலைகுனிந்தபடி, "சைக்கிளைத் தண்ணிக்கரையில விட்டிட்டன், மிஸ்ஸி. அவளைத் தோளில தூக்கிக்கொண்டுதான் வந்தனான்" என்றார்.

"சைக்கிளை விடுங்கோ. அவாவின்ர கால் எப்படி?"

"ஆசுப்பத்திரியில இருக்கிறா. கால் தப்பிட்டுது."

அடுத்த நாள் காலை அவர் மறுபடியும் வந்தார். எங்கேயோ தேடிப்பிடித்த இரண்டு தடிகளையும் ஒரு துண்டு நைலோன் கயிற்றையும் கொண்டுவந்திருந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்காமல், கூடாரத்தின் நடுக்கம்புகளோடு தடிகளை வைத்துக் கட்டினார். தறப்பாள் மெல்ல மெல்ல மேலே போனது. முடிச்சை இறுக்கிவிட்டு வெளியே வந்தார்.

"இப்ப உள்ளுக்குப் போய் நிமிர்ந்து நில்லுங்கோ, மிஸ்ஸி, பாப்பம்."

அக்கா உள்ளே போனாள். நின்றாள். அவளுடைய தலைக்கும் தறப்பாளுக்கும் நடுவே ஒரு கை இடைவெளி இருந்தது.