அப்பாவின் பாஸில் ஒரு டைனோசர்

சுனாமிக்குப் பிறகு நாங்கள் இருந்த முகாமுக்கு வந்த நிவாரணப் பெட்டிகளில் ஒன்றில், யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஒரு ஜப்பான் மொழிப் புத்தகம் கிடந்தது. அரிசியையும் பருப்பையும் பெரியவர்கள் பங்கிட்டுக்கொள்ள, புத்தகம் அக்காவுக்கும் எனக்கும் மிஞ்சியது. தாளை மடித்துக் கொக்கு, தவளை செய்யும் படங்கள். கடைசியில் ஒரு டைனோசர், அறுபதுக்கு மேல் மடிப்புகள். அக்கா தவளையோடு நிறுத்திக்கொண்டாள். நான் விடவில்லை.

ஊர் திரும்பி, நாட்டில் மறுபடி சண்டை மூண்டு, எனக்குப் பத்து வயதாகியும் டைனோசர் மட்டும் சரிவரவில்லை. பள்ளிக்கூடக் கொப்பித் தாள் தடிப்பு. கால் மடிக்கும் இடத்தில் கிழிந்துவிடும். காகித ஆலை உள்ள வாழைச்சேனைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு நல்ல தாளுக்கு நான் பட்ட பாடு அது.

ஒரு மாலை அப்பாவின் சட்டைப் பையில் அந்தத் தாளைக் கண்டேன். உள்ளங்கை அளவு, சதுரம், வெங்காயத் தோல் போல மெல்லிசு. ஒரு பக்கம் முத்திரை குத்தியிருந்தது, மறுபக்கம் வெறுமை. என் கண்ணில் பட்டது வெறுமைப் பக்கம்தான். விளக்கு வைக்குமுன் கழுத்து, வால், நாலு கால் எல்லாம் வந்துவிட்டன. யன்னலில் நிறுத்தினேன். விழாமல் நின்றது.

காலையில் அப்பா பையைத் தடவினார். வாவியில் தோணி இறக்க ஆமி கொடுத்த பாஸ் அது. அது இல்லாமல் வழியில் ஆமி காவல் நிற்கும் சென்றியைத் தாண்ட முடியாது. அம்மா பாய், தலையணை எல்லாவற்றையும் உதறி முடித்த பிறகுதான் அப்பா யன்னலைப் பார்த்தார். எடுத்து விரிக்கப் போனார். கழுத்தில் சின்னதாய்க் கிழிந்தது.

"நீதானே மடிச்ச, நீயே வந்து விரி புள்ள. நேரம் போகுது" என்றார். ஏச்சு விழாதது எனக்கே ஆச்சரியம்.

நடந்துகொண்டே விரிப்பது லேசான வேலையா? மடித்த வரிசையைத் திருப்பி நினைக்க வேண்டும். வால் மட்டும் அவிழ்ந்த நிலையில் சென்றி வந்துவிட்டது.

ஆமிக்காரர் கையை நீட்டினார். நான் டைனோசரை வைத்தேன்.

"என்ன இது?"

"பாஸ்தான் சேர். சின்னப் புள்ள, தெரியாமச் செய்திட்டாள்" என்றார் அப்பா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு ரோசம் வந்தது. தெரியாமலா செய்தேன்?

"டைனோசர்" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். உள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடமே திருப்பித் தந்து விரிக்கச் சொன்னார். ஒவ்வொரு மடிப்பாக அவிழ்த்தேன். வயிற்றிலிருந்து முத்திரையும் முதுகிலிருந்து இலக்கமும் வெளியே வந்தன. அவர் பதிவுக் கொப்பியில் சரிபார்த்துவிட்டு, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை உருவி நீட்டினார்.

"நங்கி, இன்னும் ஒண்டு செய்ய ஏலுமா?"

தங்கச்சியைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஓரத்தை மட்டம் பார்த்துக் கிழித்துச் சதுரமாக்கி, அங்கேயே மண்ணில் குந்தியிருந்து செய்து கொடுத்தேன். பின்னால் தோணிக்காரர் வரிசை நீண்டுகொண்டே போனது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆமிக்காரர் அதை மணல் மூட்டையின் மேல் நிறுத்திச் சிரித்தார். எங்களைப் போகச் சொன்னார்.

அப்பா தோணிக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பியவர், சென்றி கண்ணுக்கு மறைந்ததும் ஒரு நாவல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ அக்காவிடம் சொல்ல வாய் துடித்தது. கையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் இரி புள்ள. காலுக்குப் பெலனில்ல" என்றார்.

அவ்வளவு நேரம் நின்றதில் கால் உளைகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க ஆடுகிற தோணியில் நின்று வலை வீசுகிறவருக்கு அரைமணி நேரம் தரையில் நின்றால் கால் உளையுமா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.