சார்ஜ் போட ஆள் தேவை

சடையங்குப்பம் ஜெயவேலுக்கு யாரிடமும் உதவி கேட்பது வேப்பங்காயாகக் கசக்கும். கன்டெய்னர் யார்டு விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்த பிறகு அந்த வீம்பு இன்னும் முற்றியது. பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாம் கையாலேயே இயக்கும்படி மாற்றிய ஒரு மின்சாரக் காரை வாங்கி டாக்சி ஓட்டினார். நானும் டாக்சி டிரைவர்தான். எங்களில் பாதிப் பேரைவிட அவர் நன்றாக ஓட்டுவார்.

வண்டியை நிறுத்தினால்தான் வம்பு. தண்டையார்பேட்டை டோல்கேட் அருகே சார்ஜிங் ஸ்டேஷன் கட்டிய புண்ணியவான், மெஷினை உயரமான திண்டின்மேல் ஏற்றி வைத்திருந்தான். இரண்டு வண்டிக்கு நடுவே வீல்சேரை இறக்க இடமில்லை. இறக்கினாலும் திண்டில் ஏறாது. சுவரில் மட்டும் வீல்சேர் படம் பெரிதாக வரைந்திருந்தது. அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் நானே போய், "இன்னாண்ணா, நான் சொருகி வுடட்டா?" என்றேன்.

"வேணா மாமு, வூட்ல போட்டுக்கறேன்" என்று கிளம்பிவிட்டார்.

வீட்டு வாசலில் கை எட்டும் உயரத்தில் பிளக் பாயின்ட் வைத்திருந்தார். சார்ஜ் அடிமட்டத்துக்கு வரும்வரை ஓட்டிவிட்டு அங்கே போய்ச் சொருகுவார். அவர் மனைவி ரமாபாய் திட்டுவாள்: "வாயத் தொறந்து கேட்டா யாரு மாட்டேன்னுவாங்க? உனுக்கு இன்னா அவ்ளோ ரோஷம்?"

போன ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் வந்து காரைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார். மழை வலுத்தது. சடையங்குப்பத்தில் தண்ணீர் ஏறப்போகிறது என்றால், யாராவது ஒருவர் தெரு முழுக்க நடந்து எல்லா வீட்டு மெயின் சுவிட்சையும் இறக்கிவிடுவார். தண்ணீரில் கரண்ட் பாய்ந்து யாரும் சாகக் கூடாது என்று வைத்துக்கொண்ட வழக்கம் அது. அன்றைக்கு இறக்கியது பக்கத்து வீட்டு தேவப்பிரியம் அக்கா. ஜெயவேலின் கார் சார்ஜில் இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் ரமாபாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேர்த்துக் கொட்டியது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். தேவப்பிரியம் அக்காதான் அவளைத் தாங்கிக் காரில் ஏற்றினார். "நானும் கூட வரேன் தம்பி" என்றார்.

"வேணாங்க்கா, தண்ணி ஏறுது, நீ புள்ளைங்களப் பாரு. நான் இட்டுக்கினு போய்டறேன்."

வண்டியைக் கிளப்பிய பிறகுதான் பார்த்தார். சார்ஜ் மத்தியானம் இருந்த அளவிலேயே நின்றிருந்தது. ஆஸ்பத்திரிவரை தாங்காது, டோல்கேட்வரை தாங்கும். வேறு வழியில்லாமல் அங்கே போனார்.

மழையில் ஸ்டேஷனில் ஆளே இல்லை. ஹாரனை அழுத்திப் பிடித்தார். யாரும் வரவில்லை. பின்சீட்டில் இருந்த வீல்சேரை அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ரமாபாய் தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நீ குந்து. நான் போடறேன்."

ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி திண்டேறி, அந்தக் கனத்த கேபிளை இழுத்து வந்து அவளே சொருகினாள். நனைந்துபோய் உள்ளே வந்து உட்கார்ந்து, "ஏறுதா?" என்று கேட்டாள்.

"ஏறுதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. கொஞ்சம் ஏறியதும் அவர் கதவைத் திறந்து எட்டி, கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

காரியத்தன்று தேவப்பிரியம் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நாந்தான் தம்பி மெயின எறக்கினேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றார் ஜெயவேல்.

திண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. பிழைப்பு வேண்டுமே, ஜெயவேல் அதே காரைத்தான் ஓட்டுகிறார். ஆனால் இப்போதெல்லாம் சார்ஜ் இறங்குவதற்கு முன்பே டோல்கேட் வந்துவிடுகிறார். கண்ணாடியை இறக்கிவிட்டு, போகிற வருகிறவர்களிடம், "தோஸ்து, கொஞ்சம் சொருகி வுடேன்" என்று கேட்கிறார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

இதுவரை ஒருவர்கூட மாட்டேன் என்றதில்லை.