தங்கையின் இடது கை

என் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். கிழக்குத் தாம்பரத்தில் தண்ணீர் லாரி வரும்போது வரிசையில் குறுக்கே புகுந்தவர்கள், நான் குடத்தோடு வருவதைப் பார்த்தால் தானாகப் பின்னால் போய்விடுவார்கள். அந்த வாய் திறக்க வேண்டிய ஒரு நேரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் சனியும் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விட ஒரு வழி வேண்டும் இல்லையா? அதற்காக இடது மணிக்கட்டில், இதயத்திலிருந்து வரும் ரத்தக்குழாயையும் திரும்பிப் போகும் குழாயையும் ஒன்றாக இணைத்துத் தைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். வலது கை நரம்பெல்லாம் ஊசி குத்திக் குத்திக் கெட்டுப்போயிருந்தது. ஆக, அவளுக்கு இருந்தது அந்த ஒரு கைதான்.

அதைத் தொட்டால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். தையல் மெஷின் ஓடும்போது பலகையில் கை வைத்த மாதிரி இருக்கும். அது ஓடுகிறதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் வீட்டுக்காரருக்குப் பல்லாவரத்தில் தோல் கம்பெனி வேலை. ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். வீடு எதிர்வீடுதான் என்பதால் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காபி டம்ளரை வைத்துவிட்டு இரண்டு விரலை அவள் மணிக்கட்டில் வைப்பேன். "ஓடுதாக்கா?" என்பாள். "ஓடுது, நீ காபியைக் குடி. அரை டம்ளர்தான், கேட்டாலும் கிடைக்காது" என்பேன்.

அந்தக் கைக்கு நான் போலீஸ்காரி. அந்தக் கையில் பி.பி. பார்க்க விடமாட்டேன். பை மாட்டினால் திட்டுவேன். எலக்ட்ரிக் ட்ரெயினில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, இடித்துக்கொண்டு வருகிறவர்களோடு சைதாப்பேட்டை வரை சண்டை போடுவேன். வளையலும் கூடாது. வலது கையில் தங்க வளையல் இரண்டு, இடது கை வெறுமையாக. அந்த வெறுமையை நாங்கள் கவனிப்பதை விட்டு வெகுநாளாகியிருந்தது. மற்றவர்கள் விடவில்லை.

என் மகளுக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு வைத்தோம், ஒரு வெள்ளிக்கிழமை. தங்கைக்குப் பிள்ளை இல்லை. என் மகள் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவள். முதல் வளையல் சித்திதான் போட வேண்டும் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றாள். தங்கை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். அப்போது என் நாத்தனார் சொன்னாள்: "ஏம்மா, கட்டுக்கழுத்தியா இருந்துகிட்டு மூளிக்கையோடயா புள்ளத்தாச்சிக்கு வளையல் போடுவே?"

தங்கை கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்குள் ஏறிவிட்டது. தட்டிலிருந்த பச்சைக் கண்ணாடி வளையலில் நாலை எடுத்து, அந்த இடது கையைப் பிடித்து, நானே அழுத்தி ஏற்றினேன். "இப்ப போடலாமா அண்ணி?" என்று நாத்தனாரைப் பார்த்துக் கேட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு வருடம் ஒரு துணி இறுக விடாமல் காத்த கையில், கோபத்தில், நானே.

சாயங்காலம் பந்தி முடிந்ததும்தான் அந்த வளையல் ஞாபகம் வந்தது. மறுநாள் டயாலிசிஸ் என்றால் முந்தின நாள் அவளுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். கை வீங்கி, வளையல் இறங்க மறுத்தது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை, அதுவும் வளைகாப்பு நடந்த வீட்டில், விளக்கேற்றும் நேரத்தில் சுமங்கலி கையில் வளையலை உடைப்பதா? எனக்குக் கை வரவில்லை. "காலையில பாத்துக்கலாம்" என்றேன். அவளும் கையை லேசாக ஆட்டி, சத்தம் கேட்டுச் சிரித்துக்கொண்டு, "இருக்கட்டுமேக்கா, ஒரு நாள்தானே" என்றாள். அந்த நேரத்தில் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவு அவள் எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை சோப்பு போட்டும் வளையல் வரவில்லை. துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தேன். பிறகு விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் மேலே வைத்தேன். சும்மா சதை. "ஓடுதாக்கா?" என்றாள். நான் எழுந்து ஆஸ்பத்திரிப் பையை எடுத்தேன்.

அன்று அவள் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "அடைச்சிடுச்சும்மா. உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கு. கையை ஏதாவது அழுத்துச்சா?" வளையல் பதிந்த கோடு அதற்குள் மறைந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "தூக்கத்துல கை அடியில மாட்டிகிச்சு போல டாக்டர்."

டாக்டர் யோசித்தார். "தூங்கினதுக்கே அடைக்குதுன்னா உள்ள குழாயே சுருங்கியிருக்கும். ரத்தக்கட்டியை எடுத்தாலும் மறுபடி அடைக்கும். இந்தக் கையை விட்டுடலாம். கழுத்துல ட்யூப் போட்டுக்கலாம்."

கழுத்து ட்யூப் எனக்குத் தெரியும். அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு அதைத்தான் போட்டார்கள். குளிர் ஜுரம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். தங்கையின் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னால் இந்த மனுஷன் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைத்துப் பயனில்லை. டாக்டர் பேனாவைத் திறந்து சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

"அவ பொய் சொல்றா டாக்டர்" என்றேன். "நான்தான் கண்ணாடி வளையல் போட்டேன். நாலு. வெள்ளிக்கிழமைன்னு கழட்டவும் விடலை."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். "கடைசியா எப்ப ஓடிச்சு?" என்றார். நேற்றுக் காலை ஆறு மணிக்கு என்றேன். வளையல் எதுவரை இறுக்கியது என்று கேட்டார். என் கையிலேயே காட்டினேன். எழுதிய சீட்டைக் கிழித்தார். "வெளியிலேருந்து அழுத்தினதுன்னா கட்டியை எடுத்துப் பாக்கலாம். நேரம் ஆக ஆக எடுக்கறது கஷ்டம். சொன்னது நல்லதாப்போச்சு."

சின்னதாக ஒரு வெட்டு. நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாயை உறைந்த ரத்தத்தைத் தாண்டி உள்ளே விட்டு, பலூனை உப்ப வைத்து, இழுத்து வெளியே கொண்டு வருவார்களாம். எடுத்த கட்டியை நர்ஸம்மா ஸ்டீல் கிண்ணத்தில் காட்டினார். நாவல்பழத் தோல் மாதிரி கறுப்பாக, நீளமாக இருந்தது. வெளியே பெஞ்சில் தங்கையின் வீட்டுக்காரர் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து, "உள்ள போங்க அண்ணி. உங்களைத்தான் கேக்கறா" என்றார்.

கட்டுக்கு மேலே கையை நீட்டினாள். "தொட்டுப் பாருக்கா." விரல் வைத்தேன். மெல்லத்தான், ஆனால் ஓடியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டயாலிசிஸும் முடிந்து திரும்பி வரும்போது ட்ரெயினில், "ஆனாலும் நேத்து வளையல் அழகா இருந்திச்சு, இல்லக்கா?" என்றாள். "வாயை மூடுடி" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தக் கை ஒரு நாளும் நிற்கவில்லை. என் பேத்தியை அந்தக் கையில் மட்டும் படுக்கவிடாமல் தூக்கி வளர்த்தாள். கடைசியில் நின்றது இதயம்.

சுமங்கலியாகப் போகிறவளுக்குச் செய்கிற முறை எல்லாம் செய்தார்கள். மஞ்சள், பூ, பட்டு. நாத்தனார்தான் ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கி வந்திருந்தாள். தட்டை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் வாங்கிக்கொண்டேன். இடது கைக்கு நான் போடுகிறேன் என்றேன். போடுவதற்கு முன்னால், பழக்கத்தில், இரண்டு விரலை அந்தத் தழும்பின் மேல் வைத்தேன். பின்னால் பெண்கள் நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் விரலை எடுக்கவில்லை.