வெளியே பூட்டிய தலைவலி

என் தலைவலிக்குக் காரணம் பக்கத்துக் கடை மிளகாய் மில்லுதான் என்று வெகுநாள் உறுதியாக நம்பினேன். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் என் போட்டோ ஸ்டூடியோவுக்கும் அந்த மில்லுக்கும் நடுவே ஒரே சுவர். மில்லுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம், இந்த மனுஷன் வேண்டுமென்றே காரமான மிளகாயாகப் பார்த்து நான் கடை திறக்கும் நேரத்தில் அரைக்கிறான் என்று நினைப்பேன். ஒருமுறை மகள் கல்யாண வேலையாக மில்லைப் பூட்டிவிட்டு ரிஷிவந்தியம் போனவர், ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பினார். அந்த மாதம்தான் எனக்கு வலி ஜாஸ்தியாக வந்தது. அப்போதும் அவர்மேல் இருந்த சந்தேகம் முழுசாகப் போகவில்லை. போகிற போக்கில் எதையாவது செய்து வைத்துவிட்டுப் போயிருப்பாரோ என்று யோசித்தேன்.

அவருக்கு அடுத்து என் மனைவியின் தலை எண்ணெயைச் சந்தேகப்பட்டேன். எண்ணெயை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். பிறகு அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பு. அதையும் நிறுத்தினாள். டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்யாதபோது, கம்பவுண்டர் மாத்திரையை மாற்றிக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டினேன். பள்ளிவாசல் ஹஸ்ரத் ஓதி ஊதிய தண்ணீரைக் குடித்தேன். யாரோ சொன்னார்கள் என்று தும்பைப்பூச் சாற்றை மூக்கில் விட்டுக்கொண்டு அரை நாள் தும்மினேன். மைத்துனர் ஒருவர் என் ஸ்டூடியோவை அண்ணாந்து பார்த்துவிட்டு "நல்லா வச்சிக்கினு இருக்கீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள் வலி வந்தது. அவரோடு நான் ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை.

வலி வரும் விதத்தைச் சொன்னால் இதெல்லாம் கொஞ்சம் புரியலாம். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். முகவாயைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கேமராவில் குனிந்தால், அவர் முகத்தில் பாதி இருக்காது. கண் இருக்கும், மூக்கு இருக்காது. அந்த ஓட்டையின் ஓரம் பல் பல்லாக மினுக்கிக்கொண்டு பெரிதாகும். அந்தக் காலத்தில் போட்டோவின் ஓரத்தை அழகுக்காகப் பல் பல்லாக வெட்டித் தருவோமே, அதே ஓரம். கொஞ்ச நேரத்தில் ஓட்டை மறையும், வலது கண்ணுக்குப் பின்னால் வலி பிடிக்கும். பிறகு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, யாராவது அன்பாக விசாரித்தால்கூட ஆகாது.

சேலத்தில் ஒரு பெரிய டாக்டர்தான் இது மைக்ரேன், யாரும் உனக்குச் சூனியம் வைக்கவில்லை, வெயில், பசி, தூக்கக் குறைவு, பளிச்சென்ற விளக்கு இதெல்லாம் கிளப்பிவிடும் என்று சொன்னார். போட்டோ பிடிக்கிறவன் பளிச்சென்ற விளக்குக்கு எங்கே போய் ஒளிவது? வேளைக்குச் சாப்பிட்டேன். வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி போட்டேன். ஊரில் அப்போது கறுப்புக் கண்ணாடி போடுகிறவர்கள் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் நானும்தான். "பாய் சினிமாவுல சேந்துட்டாரு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

நானாகக் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றுண்டு. ஸ்டூடியோவுக்குள் படம் கழுவும் டார்க் ரூம் இருந்தது. சாமான்களை மூடி, ஹைப்போ மருந்து நாற்றம் போகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால், கள்ளக்குறிச்சியிலேயே அவ்வளவு நல்ல இருட்டு வேறெங்கும் கிடைக்காது. கண்ணில் மினுக்கல் ஆரம்பித்ததும் வீட்டுக்கு ஆள் அனுப்புவேன். என் மனைவி வருவாள். கடுங்காப்பி ஒரு டம்ளர், ஈரத் துண்டு, மாத்திரை, வாந்திக்கு ஒரு வாளி எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, ஷட்டரை இழுத்து வெளியே பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவாள். பூட்டு தொங்கினால் யாரும் தட்ட மாட்டார்கள் இல்லையா? சாயங்காலம் வந்து திறப்பாள். டார்க் ரூமுக்குப் பின்னால், கழுவிய படங்களைக் காயவைக்க மொட்டை மாடிக்குப் போகும் மரப்படி ஒன்று இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு அது போதும் என்று அவளும் பயமில்லாமல் பூட்டினாள். இப்படியே வருடக் கணக்கில் ஓடியது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள் அவை. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். சாலை மறியல் என்று அறிவித்த நாளுக்கு முன்தினம் நான் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். வெள்ளிமலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நாள் முழுக்க மலை வெயில், மத்தியானம் சாப்பாடு இல்லை. கடைசி பஸ்ஸில் இறங்கும்போது வளைவுக்கு வளைவு எதிர் வெயில் கண்ணில் அடித்தது. அப்போதே தெரியும், நாளைக்கு நான் தொலைந்தேன் என்று.

மறுநாள் காலை கடையைத் திறந்தவுடனே மினுக்கல் வந்துவிட்டது. அவள் வந்து வழக்கம்போலப் பூட்டினாள். அன்று பகலில்தான் தியாகதுருகம் சாலையில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். கூட்டம், கல்வீச்சு, போலீஸ் என்று ஊரே இரண்டுபட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது. வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். மில் ஓடவில்லையே என்று ஒருமுறை சந்தோஷப்பட்டதாக ஞாபகம். இருட்டுகிற நேரத்தில் அவள் சந்து வழியாகச் சுற்றி வந்து திறந்தாள். "ஊரே பத்திக்கினு எரியுது, சீக்கிரம் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாளில் பேச்சுக் கிளம்பியது. மரம் வெட்டும்போது யாரோ சாலையோர லாட்ஜ் மாடியிலிருந்து படம் எடுத்திருக்கிறான். தூரத்தில் பார்த்தவர்களுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் கேமரா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அந்த ஊரில் இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

முதலில் போராட்டக்காரர்களில் நான்கு பேர் வந்தார்கள். எல்லாரும் என்னிடம் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். "பாய், எங்க ஆளுங்க படம் உன்னாண்ட இருக்குதாமே. போலீஸ் கைக்குப் போச்சுன்னா எத்தினி பேரு உள்ள போவான் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார். நான் அன்றைக்குத் தலைவலியில் படுத்திருந்தேன் என்றேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னா பாய், ஊரே ரோட்டுல நிக்குது, போட்டோக்காரன் தலைவலின்னு படுத்துக்கினியா?" என்றார் அவர். கேட்கும்போது எனக்கே அது பொய் மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலையில் என் ஷோகேஸ் கண்ணாடியில் சாணி அப்பியிருந்தது. உள்ளே படத்தில் சிரித்துக்கொண்டிருந்த மணமக்கள் ஒருவரையும் காணவில்லை. அதை நான் கழுவிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வந்தது.

வெளியூரிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். என்னை அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, படத்தைக் கொடுத்துவிட்டுக் கேமராவை வாங்கிக்கொள் என்றார் அதிகாரி. அந்தக் கேமராதான் என் பிழைப்பு. அதில் இருந்த ரோலை, அவர்களை ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்து கண்முன்னாலேயே கழுவிக் காட்டினேன். வரிசையாக மலைப் பிள்ளைகளின் முகம். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற முகங்கள். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு "ரோலை மாத்திட்டே" என்றார். டார்க் ரூமைச் சோதித்தவர்கள் மரப்படியைப் பார்த்துவிட்டார்கள். அதில் ஏறி மொட்டை மாடியில் நின்று பார்த்தால், நாலு கட்டடம் தள்ளி அந்த லாட்ஜ் மாடி. தாண்டித் தாண்டிப் போய்விடலாம் என்று ஒரு போலீஸ்காரர் போயே காட்டினார்.

என் மனைவியையும் விசாரித்தார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கொஞ்சமும் நடுங்காமல் சொன்னாள். "எங்க வூட்டுக்காரருக்கு அன்னிக்குத் தலைவலிங்க. நான்தான் உள்ள வச்சுப் பூட்டினேன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. அவுரு எங்கியும் போவல." அந்த மண்டபத்தில் அன்று எனக்கிருந்த ஒரே பலம் அவள் குரல்தான். உலகத்தில் ஒரே ஒரு ஆளாவது நம்பினால் போதும் என்று நினைத்தேன்.

அங்கே வயதான ஏட்டு ஒருவர் இருந்தார். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளக்கு என் கண்ணில் படாமல் மறைத்த மாதிரி இருந்தது. "எந்தப் பக்கம் வலிக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். வலப்பக்கம் என்றேன். "வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல எதாச்சும் தெரியுமா?"

அன்றைக்கு என்ன பார்த்தாய் என்பதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார், நைசாகப் பேசி வாயைப் பிடுங்குகிறார் என்று பட்டது. "ஒண்ணும் தெரியாதுங்க. நான் எதையும் பாக்கலீங்க" என்று அவசரமாகச் சொன்னேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "எனக்குக் கண்ணுல தெரியும். உடைஞ்ச வளையல் மாதிரி மினுக்கிக்கிட்டே பெருசாகும்" என்றார். "அப்ப உனக்கு வர்றது வேற ஏதோ" என்று எழுந்து போய்விட்டார். என் வலியை உள்ளிருந்து அறிந்த ஒரே மனிதரை நானே விரட்டிவிட்டேன். கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. இப்போது மாற்றிச் சொன்னால் இன்னும் சந்தேகம்தானே வரும்? விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் விட்டார்கள். தினமும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். போனேன். நான் மண்டபத்துக்குள் போவதைப் போராட்டக்காரர்கள் பார்த்தார்கள், தகவல் கொடுக்கப் போகிறேன் என்று பேசிக்கொண்டார்கள். நான் வெறுங்கையோடு வெளியே வருவதைப் போலீஸ் பார்த்தது, யாருக்கோ பயந்து படத்தை மறைக்கிறேன் என்று அது நினைத்தது. ஸ்டூடியோவுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. டீக்கடையில் நான் போனால் பேச்சு நிற்கும். எனக்கும் எல்லார் மேலும் சந்தேகம். கறுப்புக் கண்ணாடிக் கதையை மில்லுக்காரர்தான் கிளப்பியிருப்பார் என்று மறுபடியும் அவரிடமே போய் நின்றது மனசு. மண்டபத்துக்குப் போய்வரும் வெயிலில் வலியும் அடிக்கடி வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்க இப்போது தைரியம் இல்லை.

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் ஓட ஆரம்பித்ததும் சென்னையிலிருந்து பத்திரிகைகள் வந்தன. ஒரு வாரப் பத்திரிகையில் அந்தப் படம் இருந்தது. லாட்ஜ் மாடியிலிருந்து எடுத்தது. புளிய மரம் பாதி சாய்ந்திருக்கிறது, கூட்டம் இருக்கிறது, ஒருவர் முகமும் தெளிவில்லை. கீழே பத்திரிகையின் சொந்தப் புகைப்படக்காரரின் பெயர். முதல் நாளே வந்து லாட்ஜில் அறை எடுத்திருக்கிறார். சென்னைக்காரர், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார் என்று லாட்ஜ் பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். போலீஸ் கேமராவைத் திருப்பிக் கொடுத்தது. போராட்டக்காரர்களில் ஒருவர் வந்து "மனசுல வச்சுக்காத பாய்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் விரித்துப் பிடித்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. பெருமூச்சு விட்டாள்.

"அப்ப நெசமாவே நீங்க எடுக்கலியா?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தேன்.

"நீதானே பூட்டினே?"

"பூட்டினேன். மேல போற படி இருக்குதில்ல."

"போலீஸ்ல அவ்ளோ தைரியமாச் சொன்னியே, எங்கியும் போவலன்னு."

"பின்ன? புருஷன மாட்டி வுடச் சொல்றீங்களா?" என்றாள். அதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல மறுபடியும் அரிசியில் கையை விட்டாள்.

எனக்காக எதையும் சொல்லக்கூடியவள் என்று அன்று தெரிந்தது. அதற்காக அவள் காலில்கூட விழலாம். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"தலைவலியாவது நம்பறியா?"

அவள் களைந்த தண்ணீரை வடித்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"வலிக்குதுன்னு சொல்றீங்க, பூட்டறேன்" என்றாள்.

அடுத்த முறை மினுக்கல் வந்தபோதும் அவளுக்குத்தான் ஆள் அனுப்பினேன். காப்பி, துண்டு, மாத்திரை, வாளி எல்லாம் ஒழுங்காக எடுத்து வைத்தாள். ஷட்டர் இறங்கியது, பூட்டு விழுந்தது. அவள் நடந்து போய்விட்டாளா, மரப்படியில் சத்தம் வருகிறதா என்று அங்கேயே நின்று கேட்கிறாளா என்று வலியோடு காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.