அப்புறம் என்று கேட்டவள்

பெங்களூருக்கு வெளியே ஹெப்பகோடியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் தோழி ரெஜினாவின் தம்பி அருள் போன் செய்தான். "அக்கா போயிட்டாக்கா. கிளினிக்குக் கிளம்பினா, வாசல்லயே விழுந்துட்டா." என் வாயிலிருந்து தானாக வந்த வார்த்தை, "அப்புறம்?" அவன், "அப்புறம் ஒண்ணுமில்லக்கா" என்றான்.

அவளோடு பழகிய உங்களுக்கு அந்த வார்த்தை யாருடையது என்று தெரியும். அது எப்படி அவளிடம் போய்ச் சேர்ந்தது என்பதை இந்த நினைவஞ்சலியில் நான்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் வெளிநாட்டில், ஒரு குளிர் தேசத்தில், ஒன்றாக மருத்துவம் படித்தோம். நான் வேலூர்ப் பக்கம், அவள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழிதான். சீட்டு ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் கேள்விக்குப் பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். நாங்களெல்லாம் கடைசி நிமிடம் வரை புத்தகத்தைப் புரட்டுவோம், இவளுக்கோ கொண்டாட்டம். தேர்வுக்கு முதல் நாள் விடுதி அறையில் ஒத்திகை நடக்கும். பேராசிரியர் வேடம் எனக்கு. பாடம் எனக்கு அரைகுறை என்பதால் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி "அப்புறம்?" என்பதுதான். அவளும் விடாமல் மேலே மேலே சொல்லிக்கொண்டே போவாள். வகுப்பில் அவள்தான் முதல். நான் நடுவில் எங்கேயோ கிடந்தேன்.

ஊர் திரும்பியதும் உரிமத் தேர்வு. அதில் தேறினால்தான் இங்கே மருத்துவம் பார்க்கலாம். கணினித் திரையில் கேள்வி, கீழே நான்கு விடைகள், ஒன்றைத் தொட வேண்டும். நான் முதல் தடவையே தேறிவிட்டேன். ரெஜினா தேறவில்லை. அடுத்த தடவையும் இல்லை. அவளுக்குக் கேள்விகளோடே சண்டை.

"அம்பது வயசு ஆளுக்கு நெஞ்சு வலி, பெரும்பாலும் என்ன காரணம்னு கேக்கறான். அந்த ஆளு என்ன வேலை செய்றாரு, எப்பிடித் தூங்கறாரு, ஒண்ணும் போடல. நான் யாரைப் போய்க் கேக்கறது சுமி?"

"யாரையும் கேக்க முடியாதுடி. ஒண்ணைத் தொட்டுட்டுப் போயிட்டே இரு."

போதாததற்கு அவளுக்கு வாய்விட்டுத்தான் யோசிக்க வரும். தேர்வு அறையில் முணுமுணுத்து, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "வாயை மூடினா எனக்கு மூளையும் மூடிக்குதுடி" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் பெண்கள் அவளைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அவள் எப்போதோ டாக்டர். உரிமம் இல்லாமல் ஒரு மாத்திரைகூட எழுதக் கூடாது என்பதில் அவள் கறார். ஆனால் காது கொடுக்க உரிமம் வேண்டாமே. என் "அப்புற"த்தை அங்கேதான் எடுத்துக்கொண்டாள். முழங்கால் வலி என்று ஆரம்பித்தார் மேரி ஆன்ட்டி. அப்புறம்? தூக்கம் இல்லை. அப்புறம்? ஓயாத தாகம். அப்புறம்? காலில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது. மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். உள்ளே டாக்டர் பார்க்க, இவள் கதவுக்கு வெளியே நின்றாள்.

"வெளியவே நின்னேன் சுமி. சொந்தக்காரங்க நிக்கற எடத்துல." அன்றுதான் அவள் அழுது நான் பார்த்தேன். அந்தக் கதவுக்கு உள்ளே போவதைத் தவிர வாழ்க்கையில் வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

அடுத்த தேர்வுக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொள்ள வேண்டும். நான் கேள்வியைப் படிப்பேன், அவள் விழுங்காமல் துப்பாமல் விரலால் விடையைக் காட்ட வேண்டும். லிங்கராஜபுரத்து வீட்டுச் சமையலறையில் அந்தக் கூத்து வாரக்கணக்கில் நடந்தது. அபத்தமான கேள்வி வந்தால் சிரிப்பை அடக்க முடியாமல் என் மேலும் புத்தகத்தின் மேலும் மொத்தத்தையும் கொப்பளித்துவிடுவாள். அவள் அம்மா துடைக்கும் துணியோடு தயாராக நிற்பார். தேறிவிட்டாள். சொல்லிக்கொள்ளும்படியான மதிப்பெண் இல்லை, ஆனால் தேறிவிட்டாள். செய்தி வந்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

பல வருடம் கழித்து ஒரு கல்லூரிக் கூட்டத்தில் பேராசிரியர் ஒருவர் வரைபடம் காட்டினார். கல்லூரியில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் உரிமத் தேர்விலும் தேறுகிறார்களாம், யார் தோற்பார்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடலாமாம். கோபத்தோடு ரெஜினாவுக்குப் போன் செய்தேன். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"அவரு சொல்றது தப்பில்லடி. நம்ம பேட்ச்லயும் அப்பிடித்தானே? பெரும்பாலும்னா எல்லாரும் இல்ல, அவ்ளோதான். என் மார்க்கும் பொய் சொல்லல. அங்க காலேஜ்ல அவங்க வேற எதையோ கேட்டாங்க, இங்க பரீட்சைல இவங்க வேற எதையோ கேட்டாங்க."

ஜீவனஹள்ளியில் அவள் கிளினிக்கைப் பார்த்தவர்களுக்கு அங்கே என்ன கேட்கப்பட்டது என்று தெரியும். தமிழில் "அப்புறம்?", கன்னடத்தில் "ஆமேலே?", பக்கத்துத் தெரு பீபிமார்களிடம் உருதுவில் "ஔர்?" வரிசை நகராது. வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் "உள்ள கதை கேக்கறாங்க டாக்டரம்மா" என்று சலித்துக்கொள்வார்கள். தங்கள் முறை வந்ததும் அவர்களும் அவ்வளவு சீக்கிரம் எழுந்து வர மாட்டார்கள்.

அவளிடமிருந்து எனக்கு மிச்சம் இந்த ஒரு வார்த்தைதான். நான் கொடுத்தது, அவள் அர்த்தம் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவரிடம் இப்போது நானும் கேட்கிறேன், பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.

ஆனால் என்னைக் கேட்க அவள் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் போனில் பேசுவோம். பேச்சு தீர்ந்த பிறகும் வைக்க மனமில்லாமல் "அப்புறம்?" என்று இழுப்பாள். கடைசி நாளும் இழுத்தாள். என் பஸ் வந்துவிட்டது. "வேற ஒண்ணுமில்லடி, நாளைக்குப் பேசறேன்" என்றேன்.

இருந்தது ரெஜினா. நிறைய இருந்தது.