மொட்டைமாடியில் மூன்று பேசின் நெல்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், ஒரு காலபோகம், அதாவது மாரிப் பயிர்ப் பருவம், முழுக்க நான் நெல் வளர்த்தேன். மூன்று பிளாஸ்டிக் பேசின்களில். விதைத்த நாளை முதலாம் நாள் என்று வைத்து, சீ.ஆர். கொப்பி ஒன்றில் தினமும் குறிப்பு எழுதினேன். கொப்பி இன்னும் கையில் இருப்பதால் நாட்களில் பிழை வராது. பிழை வந்தது வேறிடத்தில்.

தொடக்கம் தங்கையின் கணவருடைய ஒரு கேள்வி. அவர்களுக்குப் பரந்தனில் மூன்று ஏக்கர் வயல். முந்திய காலபோகத்தில் புல் நெல்லை மூடி வளர்ந்து விளைச்சல் பாதியாகிவிட்டது. இந்த முறையும் அப்படியே போனால் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வத்தளையில் மகன் வீட்டோடு வந்து இருக்கப்போவதாக மச்சான் சொல்லிவிட்டார். தங்கைக்கு அதில் துளியும் விருப்பமில்லை. களைநாசினி அடிப்பதா, வளர்ச்சி ஊக்கி அடிப்பதா என்பது அவருடைய யோசனை. மூன்று ஏக்கருக்கும் இரண்டையும் அடிக்க வசதி இல்லை.

"டொனிக் அடிச்சா நெல்லு விறுவிறெண்டு எழும்பிப் புல்லை அமத்திப்போடுமாம் மச்சான். கடைக்காரன் சொல்லுறான். நீங்கள் வாசிக்கிற ஆள், உண்மையோ?"

தேடி வாசித்தேன். அவர் சொன்ன டொனிக் கடற்பாசிச் சாற்றில் செய்த ஒரு கறுப்புத் திரவம். வேர் நன்றாக ஓடும், பயிர் வாட்டத்தைத் தாங்கும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். மண்ணில் குறை இருந்தால் மட்டுமே பலன் தெரியும் என்றார்கள் வேறு சிலர். எல்லாரும் பயிரைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் நிற்கும் புல்லுக்கு என்ன ஆகும் என்று நான் பார்த்த ஒன்றிலும் இல்லை. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

வயல் மண் வேண்டும் என்று கேட்டேன். இரண்டு சாக்கு மண்ணும் ஒரு பை விதைநெல்லும் வெள்ளவத்தை பஸ்ஸில் வந்து சேர்ந்தன. இறக்கித் தந்த கொண்டக்டர், "கொழும்பில மண்ணுக்கும் தட்டுப்பாடோ ஐயா?" என்று கேட்டார். டொனிக் போத்தலைக் கிராண்ட்பாஸில் ஒரு விவசாயக் கடையில் வாங்கினேன்.

மச்சான் விதைப்பதற்குச் சரியாகப் பதினான்கு நாட்கள் முன்னதாக நான் விதைத்தேன். என் பேசின்களில் நடப்பது அவருடைய வயலுக்கு இரண்டு கிழமை முந்திய செய்தியாக இருக்கவேண்டும் என்பது திட்டம். முதலாவது பேசினுக்கு டொனிக் மட்டும். இரண்டாவதில் களை பிடுங்குவது மட்டும். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. வரிசையாக நட்டால் அது வயலைப் போல் இராது என்று நினைத்து, அவர் வீசி விதைப்பதைப் போலவே நானும் வீசினேன். என்னுடைய கவனத்தில் எனக்கு அவ்வளவு திருப்தி.

ஒவ்வொரு காலையும் பேசினுக்கு ஒன்றாக, ஆக உயரமான பயிரை அடிமட்டத்தால் அளந்து, அளவைத் தங்கைக்கு அனுப்பினேன். இருபதாம் நாளுக்குப் பிறகு முதலாவது பேசின் மற்ற இரண்டையும் விட்டு ஓடத் தொடங்கியது. இரண்டாவதில் கோரையையும் அகன்ற இலைப் பூண்டுகளையும் பிடுங்கினேன். கூடவே நலிந்து நின்ற குட்டைப் பயிர்களையும் பிடுங்கினேன், நல்லவற்றுக்கு இடம் கிடைக்கட்டும் என்று.

"அண்ணா, இவர் உங்கட அளவைப் பாத்துப்போட்டு டொனிக்தான் எண்டு முடிவெடுத்திட்டார்," என்றாள் தங்கை இருபத்தெட்டாம் நாள். "நாளையிண்டைக்குக் கிளிநொச்சிக்கு வாங்கப் போறார்." நாளை மறுநாள்; முப்பதாம் நாள் என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் தொடர்மாடியின் காவலாளி தாங்கியைப் பார்க்க மேலே வந்தார். பொலன்னறுவைக்காரர், வயல் ஊர்ச் சிங்களவர். அடிமட்டத்தோடு குந்தியிருந்த என்னருகில் அவரும் குந்தினார்.

"மாத்தயா, இது எதுக்கு வளக்கிறது? மாட்டுக்கா?"

"நெல்லு," என்றேன்.

"கொயம் நெவெய், மாத்தயா." நெற்பயிர் இல்லை ஐயா என்று சிங்களத்தில் சொன்னார். நான் பென்சிலால் அடையாளமிட்டிருந்த உயரமான பயிரின் ஓர் இலையை மடக்கி, அது தண்டோடு சேரும் இடத்தை நகத்தால் விரித்துக் காட்டினார். வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. பிறகு அதன் காலடியில் நின்ற குட்டைப் பயிர் ஒன்றை அதேபோல் விரித்தார். அங்கே மெல்லிய வெள்ளை நாக்கு ஒன்றும், மயிர் முளைத்த இரண்டு சிறு காதுகளும் இருந்தன. "இதுதான் நெல். அது புல்."

ஆக உயரமானதென்று நான் நாள்தோறும் அளந்தது நெற்சப்பி. நெல்லோடு நெல்லாக நின்று ஏமாற்றும் புல். மச்சான் அனுப்பிய மண்ணிலேயே அதன் விதை வந்திருக்கிறது. காவலாளி இரண்டாவது பேசினுக்கு நகர்ந்து, கொஞ்சநேரம் தேடிவிட்டு, "இதில நெல் எங்க மாத்தயா?" என்றார். அவர் பகிடி பண்ணவில்லை. நலிந்த பயிரென்று நான் பிடுங்கி எறிந்ததெல்லாம் நெல்.

மச்சான் போவது மறுநாள்தானே என்ற நினைப்பில், அவசரமில்லாமல் ஆறுதலாகப் படியிறங்கித்தான் தங்கையை அழைத்தேன்.

"அவர் இண்டைக்கே வெளிக்கிட்டிட்டார் அண்ணா. மோட்டச்சைக்கிள் ஸ்டார்ட் பண்ணுற சத்தம் கேக்கேல்லையோ?"

"மறி! மறி அவரை!"

மச்சான் தொலைபேசிக்கு வந்தார்.

"மச்சான், நான் இவ்வளவு நாளும் அளந்தது நெல்லை இல்லை. நெற்சப்பியை. பிடுங்கி எறிஞ்சதுதான் நெல்லு."

மோட்டச்சைக்கிளின் இரைச்சல் நின்றது. பிறகு சிரிப்புக் கேட்டது. "ஒரு மாசமாவோ?"

"இருபத்தொன்பது நாள்."

"படம் ஒண்டு அனுப்பியிருந்தாச் சொல்லியிருப்பனே!"

"அளவு காணும், படம் தேவையில்லை எண்டு நினைச்சிட்டன்."

"அப்ப டொனிக் நல்ல சாமான்தான் எண்டுறியள்."

"ஓம். ஆனா அதுக்கு ஆள் தெரியாது. எது முந்தி நிக்குதோ அதுதான் குடிக்கும். உங்கட வயல்ல புல்லு எத்தினை இலை?"

"மூண்டு. சிலதில நாலாவது எட்டிப் பாக்குது."

களைநாசினியின் தாளில் நான்காவது இலைக்கு முன்னர் அடிக்கவேண்டும் என்று இருந்ததை நான் வாசித்திருந்தேன்; பிந்தவேண்டாம் என்றேன். அன்று கிளிநொச்சியிலிருந்து அவர் கொண்டுவந்தது களைநாசினி. பின்னேரமே வயல் தண்ணீரை வடித்து, மறுநாள் காலை மூன்று ஏக்கருக்கும் அடித்து முடித்தார்.

மிச்சக் காசுக்குச் சின்னப் போத்தல் டொனிக் ஒன்றும் வாங்கியிருந்தார். புல் கருகிய பிறகு வாய்க்காலோரத் துண்டுக்கு மட்டும் அதை அடித்தார். அறுவடையன்று தொலைபேசியில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியுது மச்சான், சாக்குக்குத் தெரியேல்லை," என்றார். வாய்க்காலோரம் எப்போதுமே கொஞ்சம் செழிப்பான இடம் என்று தங்கை பின்னால் நின்று சொன்னாள். அப்படியானால் டொனிக் நெல்லுக்கு என்ன செய்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. களையில்லாத வயலில், இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றி ஒருமுறை பார்க்கவேண்டும். சாக்குகள் முந்திய வருடத்தைவிட நன்றாகவே கூடியிருந்தன. குத்தகைப் பேச்சை மச்சான் பிறகு எடுக்கவில்லை.

புது அரிசி அதே பஸ்ஸில் வந்தது. பைக்குள் கடதாசியில் சுற்றிய ஒரு பிடி நெற்சப்பிக் கதிர். தங்கையின் கையெழுத்தில், "அண்ணாவின் விளைச்சல்."

மேசையில் பழைய பேப்பரை விரித்து ஒரு கதிரை உதிர்த்து எண்ணினேன். இருநூறைத் தாண்டியும் முடியவில்லை. மச்சானை அழைத்துச் சொன்னேன்.

"கீழ கொட்டாம எண்ணுங்கோ," என்றார். "மொட்டைமாடியில முளைச்சா, பாவம், அந்தப் பொலன்னறுவைக்காரர்தான் பிடுங்கவேணும். நீங்கள் நெல்லைப் பிடுங்கிப்போடுவியள்."