சுவரில் ஒட்டிய நாற்பத்தொரு தாள்

ஜொம்னியே என்பவள் காய்ச்சும் பசைக்கு ஜொஞ்ஜு நகரத்தில் நல்ல பெயர். யார் வீட்டுச் சுவருக்குத் தாள் ஒட்டுவதென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கணவன் சாங்க்யூவுக்குத்தான் வேலை இல்லை. கொரியாவை ஆண்ட ஜப்பான்காரன் பள்ளியிலிருந்து கொரிய மொழியைத் தூக்கியபோது, அதைச் சொல்லிக்கொடுத்தவனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பெயரைக்கூட மாற்றிக்கொள்ளச் சொன்ன ஆட்சி அது. வாய்விட்டு அழ முடியாத மனிதன் பென்சிலை எடுத்து அந்த மொழியிலேயே கவிதையாக எழுதித் தள்ளினான்.

"கேளேன், இன்னிக்கு ஒண்ணு நல்லா வந்திருக்கு."

"பசை அடிபிடிக்குதுங்க, அப்புறம் கேக்கறேன். உங்க கவிதையைக் கிண்டி ஊத்தினா தாள் ஒட்டுமா?"

அவன் சிரித்துக்கொண்டே தாளை மடித்து வைப்பான்.

ஒரு நாள் காலையில் போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அடுத்து வீட்டைச் சோதிக்க வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். புதுத் தாளுக்கு அடியில் பழைய எழுத்துத் தாளை ஒட்டுவது ஊர் வழக்கம்தான். ஆனாலும் பயம் யாரை விட்டது? அவன் கவிதைத் தாள்களின் எழுத்துப் பக்கம் முழுக்கப் பசை தடவி, அது மண்சுவரைப் பார்க்கும்படி ஒட்டி, மேலே வெள்ளைத் தாளும் போட்டு முடித்தாள். வந்தவர்கள் ஊறுகாய்ப் பானைகளைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒருவன் அந்தச் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்தான்.

சாங்க்யூ சிறையிலிருந்து சாம்பலாகத்தான் வந்தான். அவள் அழுதாள். ஆனால் கவிதைகளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள்.

நாட்டுக்கு விடுதலை வந்த மறுமாதம் அவனுடைய நண்பன் டொக்சு வந்தான்.

"அண்ணி, புத்தகமா போட்டுருவோம். தாளெல்லாம் பத்திரமா இருக்கா?"

"ஒண்ணு குறையாம இருக்கு. நாப்பத்தொண்ணு. நானே ஒட்டினேன்."

சுவரை வெந்நீரில் நனைத்துப் பக்குவமாக உரித்தாள். கையோடு வந்தது வெறும் முதுகுத் தாள். எழுத்திருந்த பக்கம் மண்ணைக் கவ்விக்கொண்டு, அந்த மண்ணோடு சேர்ந்து சேறாகச் சரிந்தது. ஈரம் படாத மூலையில் காய்ந்தபடியே உரித்துப் பார்த்தார்கள். அங்கே தூளாக உதிர்ந்தது. பாவி மகள், கொஞ்சம் மட்டமான பசை காய்ச்சியிருக்கக் கூடாதா!

"போகட்டும் அண்ணி. ஒரு வரியாவது ஞாபகம் இருக்குமே? உங்ககிட்ட படிச்சுக் காட்டியிருப்பாரே?"

"தினமும் வந்தாரு" என்றாள் ஜொம்னியே, கையிலிருந்த சேற்றைப் பார்த்தபடி. "நான்தான் பசை அடிபிடிக்குதுன்னேன்."